ஆசைப்பட்டு, கடைசிவரை யாரிடமும் கேட்காமலே விட்ட வேலை எது?

1. பகான்_அக்கா | பட்டர்வொர்த் | ஞாயிறு இரவு 9.12

டாக்டர், வக்கீல், இஞ்சினியர் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்த ஆசைகளை நான் கேட்கவில்லை. விருந்தாளி வந்து “பெரியவளாகி என்ன செய்யப் போற?” என்று கேட்டால் சொல்வதற்கு நம் எல்லாரிடமும் ஒரு பதில் தயாராக இருந்தது. அதுவும் வேண்டாம். மனதுக்குள்ளேயே வைத்திருந்த வேலை ஒன்று இருந்திருந்தால் அதை எழுதுங்கள். எந்த நாளில் அதை விட்டீர்கள் என்று ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

நான் முதலில் சொல்கிறேன். எனக்கு ஃபெரி ஓட்ட ஆசை.

அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அம்மாவோடு ஃபெரியில் அக்கரைக்கு, பினாங்குத் தீவுக்குப் போவோம், லெபோ பாசாரில் மளிகையும் துணியும் வாங்க. மற்ற பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பார்கள். நான் அக்கரையில் இருக்கும் கொம்தார் கோபுரத்தைப் பார்ப்பேன். அந்தப் பழைய ஃபெரிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று கிடையாது. திரும்பாமலே போகும், திரும்பாமலே வரும். ஆனால் துறையை நோக்கி நேராகப் போகாது. முதலில் எனக்கு அது புரியவில்லை. கொம்தாரை அடையாளமாக வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் தெரிந்தது: சில நாள் மூக்கை வடக்கே வைப்பார்கள், சில நாள் தெற்கே. ஏற்றத்திலும் வற்றத்திலும் நீரோட்டம் ஒரு பக்கமாக இழுக்கிறது. அந்த இழுப்புக்கு இடம் விட்டு ஓட்டினால்தான் துறைக்கு நேரே போய் நிற்க முடியும். கடைசிப் பத்து மீட்டரில் இஞ்சின் சத்தம் அடங்கிவிடும். அப்புறம் ஃபெரி தானாக நகர்ந்து போய் மரத்தூண்களில் உரசி, முனகி நிற்கும். மேலே இருந்து அதைச் செய்கிற செராங்கின், அதாவது ஃபெரி ஓட்டுபவரின், முகத்தை ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. ஆனால் இது என் வேலை என்று எனக்குள் ஒரு எண்ணம் வந்துவிட்டது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கத்து ஃபெரி துறை இடிந்து விழுந்து 32 பேர் இறந்த நாள். இந்த வட்டாரத்து ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நாங்கள் அன்று போகவில்லை. எங்கள் வரிசையில் இருந்த ஒரு அக்கா போயிருந்தார், கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்று இரவு அம்மா சோறு போட்டுக்கொண்டே “இனிமே ஃபெரி பேச்சே இந்த வீட்டில் வேண்டாம்” என்றார். அவர் சொன்னது கடைத்தெருவுக்குப் போவதைப் பற்றி. என் ஆசை அவருக்குத் தெரியாது. நான் அதையும் சேர்த்தே நிறுத்திக்கொண்டேன்.

ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடித்து, தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். ஆப்பரேட்டர், அப்புறம் லைன் லீடர். முப்பது வருடமாகக் கம்பெனி பஸ்ஸில் பாலத்தின் மேல் கடல் கடக்கிறேன். வேலை முடிந்து திரும்பும்போது இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் தூரத்தில் ஃபெரி தெரியும். ஆட்களை ஏற்றிய பழைய ஃபெரிகள் 2020 டிசம்பர் 31-உடன் நின்றன. 2023 ஆகஸ்டில் புதியவை வந்தன. கார் ஏற்றாத, சின்ன ஃபெரிகள். இரண்டுக்கும் போய் வந்தேன்.

என்னை உறுத்துவது இதுதான்: “இந்த வேலைக்கு எப்படிச் சேர்வது?” என்று இத்தனை வருடத்தில் ஒரு ஆளிடம்கூட நான் கேட்கவில்லை. கேட்டு, முடியாது என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை.

2. செந்தூல்_பையன் | கோலாலம்பூர் | ஞாயிறு இரவு 10.03

அக்கா, உங்கள் கொம்தார் கணக்கைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எனக்கும் இதுபோல ஒன்று உண்டு.

எங்கள் குடும்பம் ரயில்வே குடும்பம். தாத்தா செந்தூல் பட்டறையில், பெரியப்பா இஞ்சினில், மாமா ஸ்டேஷன் மாஸ்டர். மாமா ரவாங்குக்கு வடக்கே கெர்லிங் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் இருந்தார். பள்ளி விடுமுறைக்கு அங்கேதான் போவேன். அப்போது ஒற்றைத் தண்டவாளம். ஒரு வண்டி அடுத்த ஸ்டேஷன் வரை போக வேண்டுமானால் அதற்கு ஒரு சாவி வேண்டும். இரும்பு வளையத்தில் ஒரு தோல் பை, அதற்குள் அந்தச் சாவி. இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒரு ஜோடி இயந்திரம் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு சாவிதான் வெளியே வரும். அது கையில் இல்லாமல் எந்த ஓட்டுநரும் அந்தப் பாதையில் நுழையக் கூடாது. எதிரெதிரே இரண்டு வண்டி மோதாமல் இருந்தது இந்தச் சாவியால்தான். நிற்காத வண்டி வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரும்போது மாமா வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஓட்டுநர் கையை வெளியே நீட்டி அதைத் தோளில் வாங்கிக்கொண்டு, பழைய வளையத்தைக் கீழே எறிந்துவிட்டுப் போவார்.

ராத்திரி மழையில் ஒரு கையில் விளக்கும் ஒரு கையில் வளையமுமாக மாமா நின்றதைப் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது. இந்த மனிதர் நிற்பதால் இருநூறு பேர் தூங்கிக்கொண்டு போகிறார்கள் என்று தோன்றியது.

நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இருக்கிறேன். நல்ல சம்பளம், குறை சொல்ல மாட்டேன். அந்தப் பகுதியெல்லாம் இரட்டைத் தண்டவாளமாகி, மின்சார வண்டி வந்துவிட்டது. வளையமும் போய்விட்டது. அந்த வேலைக்கு நான் போயிருந்தால்கூட நடுவயதில் அது என்னை விட்டுப் போயிருக்கும். அதுவும் தெரிகிறது. இருந்தாலும் கெர்லிங்கை இ.டி.எஸ். மின்சார ரயில் கடக்கும்போது ஒவ்வொரு முறையும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறேன்.

3. மோட்டார்_ரொட்டி | பிறை | ஞாயிறு இரவு 10.20

சாயங்காலம் ஹாரன் அடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரர். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அவரைப் பார்த்து ஓடி வருவார்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இப்போது பள்ளி அலுவலகத்தில் கிராணி.

4. லோரி_வானொலி | ஷா ஆலம் | திங்கள் அதிகாலை 4.45

லோரியில் பொருள் இறக்கக் காத்திருக்கிறேன். படித்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் வானொலி அறிவிப்பாளராக ஆசைப்பட்டேன். இப்போது மின்னல் எஃப்.எம். என்கிறோமே, அது வானொலி 6-ஆக இருந்த காலம். எங்கள் வீட்டில் காலையில் அடுப்பு பற்றுவதற்கு முன்னால் வானொலி பேசும். பாட்டைவிட எனக்குப் பாட்டுக்கு நடுவில் வரும் குரல் பிடிக்கும். தபால் அட்டையில் வந்த பெயர்களை வாசிக்கும்போது ஒவ்வொரு தோட்டத்தின் பெயரையும் அவர்கள் தடுமாறாமல் சொல்வார்கள். தன் ஊர்ப் பெயர் வந்ததும் ஒரு வீடே நிமிர்ந்து உட்காரும். அந்த ஒரு நொடியை உண்டாக்குகிறவனாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். தினமும் பழைய பேப்பரை எடுத்துச் சத்தமாக வாசிப்பேன். ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்ல ஒரு வருடம் ஆனது.

1994-இல் குரல் தேர்வு இருக்கிறது என்று கேள்விப்பட்டு மினி பஸ் பிடித்து வானொலி நிலையம் இருக்கும் அங்காசாபுரிக்குப் போனேன். வாசலுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் தேய்த்த சட்டையும் கையில் ஃபைலுமாக இருந்தார்கள். என்னிடம் ஃபைல் இல்லை. அதில் என்ன வைப்பது என்றும் தெரியவில்லை. அரைமணி நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். சாலையைக் கடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் தெரியாது.

ஜொகூருக்கும் இங்கேக்கும் ஓட்டும்போது பலகைகளில் வரும் ஊர்ப் பெயர்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போவேன். யோங் பெங், பாகோ, சிரம்பான். குரல் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

5. உமியோடு | ஜார்ஜ்டவுன் | திங்கள் காலை 8.30

என் கதை கொஞ்சம் தலைகீழ். எனக்கு வேண்டிய வேலை எங்கள் வீட்டிலேயே இருந்தது. அப்பா கொடுக்க மறுத்துவிட்டார்.

அப்பா ஆசாரி. நகைக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்து கொடுப்பார். முன் அறையில் தாழ்வான மேசை, உமியோடு, ஊதுகுழல், குறடு, அரம், கம்பியச்சு. கம்பியச்சு என்பது வரிசையாக ஓட்டை போட்ட ஒரு எஃகுத் தகடு. பெரிய ஓட்டையில் தொடங்கி ஒவ்வொரு ஓட்டையாகப் பொன்னை இழுத்தால் கடைசியில் தலைமுடி போல வந்து நிற்கும். நடுவில் பொன் விறைத்துக்கொள்ளும். அப்போது சூடு காட்டி இளக்கிவிட்டுத்தான் மறுபடி இழுக்க வேண்டும். எப்போது விறைத்தது என்பது கண்ணுக்குத் தெரியாது, இழுக்கிற கைக்குத்தான் தெரியும். தாலிக்குப் பொன் உருக்க வரும் குடும்பங்கள் வெற்றிலைப் பாக்கோடு வந்து உட்காருவார்கள். மூசையில் பொன் உருண்டு கண் போல ஒளிரும்போது பேச்சு நின்றுவிடும். அந்த நேரத்தில் அந்த அறையில் அப்பாதான் பெரியவர்.

பத்தாவது வயதில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “போய்ப் படி. இது என்னோட போகட்டும்” என்றார். புகையும் அமிலமும் கண் எரிச்சலும் கூலி பாக்கியும் எனக்கு வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. நான் கணக்காளர் ஆனேன். இன்று இயந்திரத்தில் வார்த்த 916 (22 காரட்) நகைதான் எல்லாக் கடையிலும். கையால் செய்ய ஆள் வேண்டுமென்றால் இந்தியாவிலிருந்து வரவழைக்கிறார்கள்.

அப்பாவுக்கு 78. பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பகான் அக்கா கேட்ட கேள்விக்கு என் பதில்: நானும் ஒரு முறைக்கு மேல் கேட்கவில்லை.

6. பகான்_அக்கா | திங்கள் மதியம் 1.05

உமியோடு தம்பி, அப்பா இருக்கிறார், பெட்டி இருக்கிறது. இன்னொரு முறை கேளுங்கள்.

7. வால்நட்சத்திரம் | காஜாங் | திங்கள் மாலை 5.40

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வானியல் படிக்க ஆசைப்பட்டேன். ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்து இரவெல்லாம் பார்க்கிற வேலை. 1997-இல் ஹேல்-பாப் வால்நட்சத்திரம் வந்தபோது வெறும் கண்ணால் பார்த்தேன். அதிலிருந்து தொடங்கியது. கோலாலம்பூரில் ஏரித் தோட்டத்துப் பக்கம் நீலக் கூரையோடு நிற்கும் தேசியக் கோளரங்கத்துக்குப் பள்ளியிலிருந்து ஒரே ஒரு முறை கூட்டிப் போனார்கள். வெளியே வரும்போது ஆசிரியரிடம், “இங்கே வேலை செய்பவர்கள் என்ன படித்திருப்பார்கள்?” என்று கேட்க நினைத்தேன். பஸ் புறப்பட்டுவிட்டது.

நம் நாட்டு விண்வெளி வீரர் திட்டத்துக்கு 11,000-க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். கடைசி நால்வரில் எஸ். வனஜா இருந்தார். நால்வரில் ஒரே பெண், தமிழ்ப் பெண். பேப்பரில் வந்த அவருடைய படத்தை வெட்டி வைத்திருக்கிறேன். 2007 அக்டோபர் 10 அன்று சோயுஸில் ஏறியவர் ஷேக் முஸாஃபர். எனக்கு வருத்தம் இல்லை. கடைசிப் பட்டியல் வரை ஒரு தமிழ்ப் பெயர் போனது என்பதையே என் மாணவிகளுக்கு இப்போதும் சொல்கிறேன்.

நான் விண்ணப்பிக்கவில்லை. கைக்குழந்தை. அதற்கும் முன்னால், ஆறாம் படிவத்தில் இயற்பியல் எடுக்க வேண்டிய நேரத்தில் “பொம்பளப் பிள்ளைக்கு டீச்சர் வேலைதான் பாதுகாப்பு” என்ற பேச்சுக்குத் தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டல்தான் நான் விட்ட நாள்.

2019 டிசம்பர் 26 கிரகணத்தின்போது பள்ளி விடுமுறை. எங்கள் பிளாட் பிள்ளைகளைக் கீழே கூட்டி, அட்டைப் பெட்டியில் ஊசியால் துளை போட்டுக் கொடுத்தேன். ஒரு சிறுமி பெட்டியை விட்டுவிட்டு மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தால் தரை முழுவதும் சின்னச் சின்னப் பிறைகள். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளையாகி, கடிபட்ட சூரியனைத் தரையில் போட்டிருந்தது. எனக்கு அது பாடத்தில் தெரியும், கண்ணால் அன்றுதான் பார்த்தேன்.

8. ஆந்தைப்பெட்டி | காப்பார் | திங்கள் இரவு 9.55

எல்லாரும் மனதிலிருந்து எழுதுகிறீர்கள். ஆனால் “கேட்காமல் விட்டோம்” என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. சொல்லிவிடுகிறேன்.

நான் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் தோட்டத்தில் எலியைக் கட்டுப்படுத்தக் கம்பத்தில் பெட்டி கட்டி ஆந்தை வளர்த்தார்கள். முகம் வெள்ளையாக, ஆப்பிளை நெடுக்காக வெட்டியது போல இருக்கும் கூகை. லயத்தில் எல்லாரும் ஆந்தை கத்தினால் சாவு என்பார்கள். நான் பெட்டிக்குக் கீழே போய்க் கிடப்பேன். அது கக்கிப் போடும் உருண்டைகளைப் பிரித்தால் உள்ளே எலியின் மண்டையோடு முழுசாக இருக்கும். எண்ணுவேன். எந்தப் பெட்டியில் எத்தனை குஞ்சு, எத்தனை மண்டையோடு என்று பழைய செக்ரோல் (தோட்டத்து வருகைப் பதிவு) தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். வனவிலங்கு இலாகாவில் இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு அதிகாரி வந்திருந்தார், அவரிடம் பேசியிருக்கிறேன்.

அப்புறம் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். மாடும் கோழியும் காய்கறிப் பாத்தியும் வைத்திருந்த குடும்பங்கள் மலிவு விலை பிளாட்டுக்கு வந்தன. அப்பாவுக்குக் குலை வெட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. நான் மூத்தவன், எனக்குக் கீழே நான்கு பேர். பதினாறு வயதில் பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குப் போனேன். கேட்டிருந்தாலும், கேட்காவிட்டாலும் நடந்தது ஒன்றுதான். வாய் திறக்காதது என் பிழை என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். தங்கைகள் இருவரும் பட்டதாரிகள். அந்தச் சம்பளத்தில்தான் படித்தார்கள்.

9. பகான்_அக்கா | திங்கள் இரவு 11.30

தம்பி, நீங்கள் சொல்வது சரி. என்னுடைய உறுத்தலை எல்லார் மேலும் போட்டுவிட்டேன். மன்னிக்கவும். நீங்கள் வேலையை விடவில்லை, குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். அந்த செக்ரோல் தாள் இன்னும் இருக்கிறதா?

10. ஆந்தைப்பெட்டி | செவ்வாய் காலை 6.10

வீடு மாறும்போது போய்விட்டது அக்கா. மன்னிப்பெல்லாம் வேண்டாம். எண்கள் பாதி ஞாபகம் இருக்கிறது.

11. பாட்டி_சொல்ல_பேத்தி_எழுத | பத்து கேவ்ஸ் | செவ்வாய் இரவு 8.15

வணக்கம். இந்த இழையைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். வயது 81. அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

“நான் கேட்டவ. பதினாலு வயசு. அம்மாவோட பால்மரம் வெட்டப் போவேன். விடியும் முன்னே பெரட்டுல நின்னு பேர் குடுக்கணும், அப்புறம் தலையில விளக்குக் கட்டிக்கிட்டு மரம் மரமா ஓட்டம். வெட்டறதுக்கு முன்னாடி மரத்துல காஞ்சிருக்கற ஒட்டுப்பால் எடுக்கணும். எனக்கு அந்த வேலை மேல கோவம் கெடையாது. ஆனா எங்க லயத்துல ஒரு பொம்பள பிரசவத்துல செத்துப் போச்சு. மழை, ஆஸ்பத்திரி லோரி வரல. நான் வெளக்குப் புடிச்சிக்கிட்டு நின்னேன். மறுநாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கற டிரெசர்கிட்ட போயி, நான் மிட்வைஃப் படிக்கலாமான்னு கேட்டேன். அவர் நல்ல மனுசன். படிக்கலாம், எழுதிக் குடுக்கறேன்னாரு. வீட்டுல வந்து சொன்னேன். அப்பா ஒரே வார்த்தை. ‘ஆம்பளைங்க இருக்கற எடத்துல தங்கிப் படிக்க வேணாம்.’ அடுத்த வருசம் கல்யாணம்.

“அந்த டிரெசர் ஆஸ்பத்திரியில இருந்த மிட்வைஃப்கிட்ட சொல்லி வெச்சாரு. கூப்புட்டா போவேன். தண்ணி காய வெப்பேன், துணி கொதிக்க வெப்பேன், புள்ளைய வாங்குவேன். பதினேழு வருசம். சம்பளம் கெடையாது, பேரும் கெடையாது. அந்தப் பொம்பள மாதிரி ஒருத்தியும் என் கையில சாகல. அந்தக் கப்பல் பொண்ணுக்குச் சொல்லு, கேட்டாலும் குடுக்கல, ஆனா கேட்டதனாலதான் கதவு கொஞ்சம் தொறந்துச்சின்னு. பிளாஸ்டிக் பேக்டரி தம்பிக்கும் சொல்லு, அவன் சொன்னது நெசம்னு.”

அவ்வளவுதான் சொன்னார். பதினேழு வருடம் அவர் பிரசவம் பார்க்கப் போன கதையே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குக்கூட.

12. லோரி_வானொலி | புதன் அதிகாலை 5.00

பேத்தி, பாட்டியின் குரலைப் பதிவு செய்து வைம்மா. எழுத்து போதாது. கைப்பேசியே போதும். அறையில் காற்றாடியை நிறுத்திவிட்டு, ஃபோனை அவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் வை. கேள்வி கேட்டுவிட்டு நீ பேசாமல் இரு. அவர் யோசிக்கும்போது இடையில் புகாதே.

13. புக்கிட்_பையன்17 | புக்கிட் மெர்தாஜாம் | புதன் மாலை 6.25

எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பதினேழு வயது. எஸ்.பி.எம். எழுதியிருக்கிறேன். பகான் அக்கா எழுதியதை மூன்று முறை படித்தேன். எனக்குக் கப்பலில் போக ஆசை. வீட்டில் சொல்லவில்லை. அப்பா இல்லை, அம்மா கேன்டீனில் வேலை. கப்பலுக்கு எப்படிச் சேர்வது, எவ்வளவு செலவாகும், யாரிடம் கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. இங்கே யாருக்காவது தெரியுமா?

14. இஞ்சின்ரூம் | கிள்ளான் | புதன் இரவு 10.50

தம்பி, 34 வருடம் கப்பல் இஞ்சினில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பொறுமையாகப் படி.

முதலில் கண். கப்பல் வேலைக்கு நிறம் பிரித்தறிகிற பரிசோதனை உண்டு. புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் புத்தகத்தைக் காட்டுவார்கள், இஷிஹாரா என்று பெயர். கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. இருட்டில் எதிரே வருகிற கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்பதை இந்த இரண்டு நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். அதனால் இதில் சலுகை கிடையாது. என்னோடு வந்த ஒரு நண்பன் பணம் கட்டி, பெட்டி வாங்கி, கடைசியில் இந்தப் பரிசோதனையில் தோற்றுப் போனான். நீ ஒரு காசு செலவு செய்யும் முன்பு கண் பரிசோதனையை முடித்துவிடு.

இரண்டாவது, பாடம். கணக்கு, இயற்பியல், ஆங்கிலம் மூன்றையும் பார்ப்பார்கள். மலாக்காவில் மலேசிய கடல்சார் கல்விக்கழகம் இருக்கிறது, அலாம் என்போம். அங்கே கப்பலைச் செலுத்துகிற மேல்தளத்துக்குத் தனிப் படிப்பு, இஞ்சினுக்குத் தனிப் படிப்பு. கட்டணம் அதிகம்தான். சில கப்பல் நிறுவனங்கள் செலவை ஏற்று மாணவர்களை எடுக்கும், அதற்குப் பதில் இத்தனை வருடம் எங்களிடம் வேலை செய் என்று ஒப்பந்தம் போடும். அந்தத் தாளை வரி விடாமல் படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

மூன்றாவது, கடல் நாட்கள். வகுப்பு மட்டும் போதாது. மேல்தள அதிகாரிச் சான்றிதழுக்குக் கப்பலில் பயிற்சியாளராகக் குறைந்தது ஒரு வருடம் இருந்ததற்குப் பதிவேடு வேண்டும். ஏறும் முன்பே தீயணைப்பு, முதலுதவி, தண்ணீரில் உயிர் பிழைக்கும் பயிற்சி எல்லாம் கட்டாயம். நீச்சல் தெரியாவிட்டால் இந்த மாதமே பழகு.

கடைசியாக வீடு. மாதக்கணக்கில் கடலில் இருப்பாய். என் அப்பா இறந்தபோது நான் ரோட்டர்டாமில் இருந்தேன். இதை அம்மாவிடம் மறைக்காதே. சொல்லிவிட்டுச் சம்மதம் வாங்கு.

பகான் தங்கச்சி, உங்களுக்கும் ஒன்று. ஃபெரி போல உள்ளூர்த் தண்ணீரில் ஓடுவதற்கு வேறு சான்றிதழ், பெருங்கடல் படிப்பு முழுவதும் தேவையில்லை. அந்தக் காலத்தில் பலர் கயிறு பிடிக்கிற ஆளாகச் சேர்ந்து, வருடங்கள் கழித்துத்தான் செராங் ஆனார்கள். பெண்களை எடுத்திருப்பார்களா என்று கேட்டால், அன்று கஷ்டம்தான். இன்று அலாமில் பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

15. பகான்_அக்கா | புதன் இரவு 11.48

அண்ணே, கயிறு பிடிக்கிற ஆளிலிருந்து தொடங்கும் என்பதே எனக்கு இன்றுதான் தெரிகிறது. அந்தக் கயிறு பிடிப்பவரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு முழம் தூரத்தில் நின்றிருக்கிறேன்.

16. உமியோடு | அடுத்த ஞாயிறு, மாலை 4.30

கேட்டேன். “வேணாம்” என்றுதான் சொன்னார். மறுநாள் காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை அவரே இழுத்து வெளியே வைத்திருந்தார். கம்பியச்சு துருப்பிடித்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஒவ்வொரு ஓட்டையாகக் குச்சியால் துடைக்கச் சொன்னார். அதற்கே அரைநாள் ஆனது. பொன்னைத் தொட விடவில்லை, வெள்ளிக் கம்பி வாங்கி வரச் சொன்னார்.

இன்று இழுத்தேன். நான்காவது ஓட்டையில் அறுந்தது. மறுபடி இழுத்தேன், மறுபடி அதே ஓட்டையில் அறுந்தது. அப்பாவின் கை இப்போது நடுங்குகிறது, அவரால் இழுக்க முடியாது. என் கைமேல் அவர் கையை வைத்துக்கொண்டு, “இப்ப, இங்க, நிறுத்து” என்றார். எனக்கு அங்கே எதுவும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. சூடு காட்டினோம். ஆறாவது ஓட்டை வரை வந்தது. வரும் சனிக்கிழமையும் உண்டு.

17. புக்கிட்_பையன்17 | திங்கள் இரவு 7.40

இஞ்சின்ரூம் ஐயா, கண் பரிசோதனை செய்துவிட்டேன். எல்லா எண்ணையும் சரியாகச் சொன்னேன் என்றார்கள். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், ரோட்டர்டாம் விஷயத்தையும் சேர்த்து. அழுதார். அப்புறம் நீச்சல் வகுப்புக்கு எவ்வளவு என்று விசாரித்து வரச் சொன்னார்.

இப்போது ஒரே குழப்பம்: மேல்தளமா, இஞ்சினா?

18. இஞ்சின்ரூம் | திங்கள் இரவு 9.02

இஞ்சின். கப்பலை விட்டு இறங்கினாலும் கரையில் மின்நிலையம், தொழிற்சாலை என்று உனக்கு வேலை இருக்கும். குடும்பத்தை நினைத்துத்தான் சொல்கிறேன்.

19. பகான்_அக்கா | திங்கள் இரவு 9.30

அண்ணன் சொல்வதில் கணக்கு சரி. ஆனால் தம்பி, தீர்மானிக்கும் முன்பு ஒன்று செய். சனிக்கிழமை காலையில் அம்மாவோடு கொம்யூட்டர் ரயிலில் பட்டர்வொர்த் வந்து இறங்கு. ஃபெரி துறை பக்கத்திலேயே இருக்கிறது, நான் வாசலில் நிற்கிறேன். போகும்போது மேலே நின்று கொம்தாரைப் பார்ப்போம், மூக்கு எந்தப் பக்கம் போகிறது என்று. திரும்பும்போது உள்ளே உட்கார்ந்து, இஞ்சின் சத்தம் எப்போது மாறுகிறது என்று கேள். எது உன்னை இழுக்கிறது என்று அண்ணனுக்கு நீயே எழுது.

கயிறு பிடிக்கிறவரிடம் நானும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.